பச்சிளம் குழந்தைக்குப் பாலூட்ட என்னென்ன வாங்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகாப்பு முடிந்த மறுவாரம் எனக்கு ஒரு போன் வரும். தங்கை, நாத்தனார், மாடி வீட்டுப் பெண், கூட வேலை பார்த்தவள் என்று யாராவது ஒருத்தி. "அக்கா, பால் கொடுக்க என்னென்ன வாங்கி வைக்கணும், ஒரு லிஸ்ட் அனுப்புங்களேன்" என்பாள். நான் மருத்துவர் இல்லை, இரண்டு பிள்ளைகளுக்குப் பாலூட்டியவள். மூத்தவனுக்காக வாங்கியதில் பாதியைப் பிரிக்காமலே யாருக்கோ கொடுத்தேன். உண்மையில் தேவைப்பட்டதை ராத்திரி பதினொரு மணிக்கு என் கணவர் மருந்துக்கடை மருந்துக்கடையாகத் தேடி வாங்கி வந்தார். அதனால் லிஸ்ட் அனுப்பாமல், அந்தப் பெண்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிரசவத்துக்கு முன்பே கட்டாயம் வாங்க வேண்டியது எது?

மிகவும் கொஞ்சம்தான். முன்பக்கம் திறக்கும் பருத்தி நைட்டி நான்கு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டி அல்லது வாயில் சேலை இரண்டு, ஒரு லிட்டர் பிடிக்கும் தண்ணீர் பாட்டில், அழுத்தமான தலையணை இரண்டு, குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான எவர்சில்வர் பாலாடை ஒன்று. இதில் முக்கால்வாசி உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

பால் எடுக்கும் பம்ப், க்ரீம், காம்பின் மேல் மாட்டும் சிலிக்கான் ஷீல்டு, பால் சேமிக்கும் பை, பாத்திரங்களில் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசர் எதையும் முன்கூட்டி வாங்காதீர்கள். இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சிக்கலுக்கான தீர்வு. அந்தச் சிக்கல் உங்களுக்கு வருமா, வந்தால் எந்த அளவில் வரும் என்பது குழந்தை பிறந்து ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். இன்று வேண்டும் என்றால் நாளைக்குள் வாங்கிவிடலாம். முன்பே வாங்கினால் உங்கள் அளவுக்குப் பொருந்தாததை வாங்கிவிட வாய்ப்பு அதிகம்.

அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால், குழந்தைப் பெட்டகம் கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 2015-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது துண்டு, உடை, கொசுவலை, சோப்பு என்று 16 பொருட்கள் அதில் இருந்தன. அதே பொருட்களைக் கடையிலும் வாங்கிக் குவிக்க வேண்டாம்.

ஃபீடிங் நைட்டி, ஃபீடிங் பிரா எல்லாம் தேவையா?

நைட்டி தேவை. பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் கழுத்து வழியாகத் துணியைத் தூக்கிக்கொண்டிருக்க முடியாது. இரண்டு பக்கமும் ஜிப் வைத்தது நல்லது. ஆனால் ஜிப்பின் முனை குழந்தையின் கன்னத்தில் உரசுகிறதா என்று கடையிலேயே விரலால் தடவிப் பாருங்கள். மலிவான நைட்டிகளில் அந்த முனை பிளேடு மாதிரி இருக்கும்.

பிராவைப் பிரசவத்துக்கு முன் வாங்கினால் பெரும்பாலும் வீண். மூன்றாம் நான்காம் நாள் பால் நன்றாக இறங்கும்போது மார்பு பெருத்துவிடும், அப்புறம் சில வாரங்களில் கொஞ்சம் வடியும். ஒன்று மட்டும் தளர்வாக வாங்கி, மீதியை ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். உள்ளே கம்பி வைத்தது வேண்டாம். அது அழுத்தும் இடத்தில் பால் கட்டிக்கொள்ளக்கூடும். முதல் வாரங்களில் வீட்டில் பிரா போடாமல் இருப்பதே எனக்குச் சுகமாக இருந்தது.

ஃபீடிங் தலையணை வாங்கலாமா?

வாங்கினால் தப்பில்லை, வாங்காவிட்டால் குறையும் இல்லை. வேண்டியது உயரம்தான். நீங்கள் குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் கூடாது, குழந்தை உங்கள் மார்பின் உயரத்துக்கு வர வேண்டும். வீட்டுத் தலையணை ஒன்றை மடியிலும் ஒன்றை முதுகுக்கும் வைத்து, காலுக்கடியில் ஒரு மணையைப் போட்டால் போதும். சிசேரியன் ஆனவர்கள் படுத்தபடி பக்கவாட்டில் கொடுக்கலாம். அல்லது குழந்தையை அக்குளுக்குக் கீழே, குடத்தை இடுக்குவது போல இடுக்கிக்கொண்டு கொடுக்கலாம். தையலில் எடை விழாது.

தலையணையைவிட முக்கியமான ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். காம்பை அதன் மேலுதட்டில் லேசாகத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். கொட்டாவி விடுவதுபோல் வாய் பெரிதாகத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்போடு சேர்த்து அணையுங்கள். சரியாகப் பிடித்திருந்தால் தாடை மார்பில் பதிந்திருக்கும், கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்கும், காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலுதட்டுக்கு மேலேதான் அதிகம் தெரியும், கன்னம் குழி விழாது. 'டக் டக்' என்று சத்தம் வந்தால் பிடிப்பு சரியில்லை. சுண்டு விரலை வாயோரத்தில் விட்டு எடுத்து, மறுபடி வையுங்கள். பத்து தடவை ஆனாலும் பரவாயில்லை. இது சரியாக அமைந்துவிட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகள் உங்களுக்கு வரவே வராது.

காம்பு வெடித்து ரத்தம் வருகிறது. எந்த க்ரீம் நல்லது?

க்ரீமுக்கு முன்னால், யாரையாவது வைத்துக் குழந்தை வாய் வைக்கும் விதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். செவிலியர், தாய்ப்பால் ஆலோசகர், பல பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த பெரியம்மா, யாராக இருந்தாலும் சரி. குழந்தை காம்பின் நுனியை மட்டும் சப்பினால் எந்த க்ரீம் போட்டாலும் மறுநாள் திரும்ப வெடிக்கும்.

பால் கொடுத்து முடித்ததும் கடைசிச் சொட்டுப் பாலைக் காம்பில் தடவிக் காற்றாட விடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சுத்தமான லானோலின் களிம்பு மருந்துக்கடையில் கிடைக்கும். பட்டாணி அளவு போதும், அடுத்த முறை பால் கொடுக்கும்முன் துடைக்க வேண்டியதில்லை. காம்பில் சோப்புப் போடாதீர்கள். இயற்கையான எண்ணெய்ப் பசை போய் இன்னும் வறண்டு வெடிக்கும்.

காம்பு உள்ளே அமுங்கியிருக்கிறது. நிப்பிள் ஷீல்டு வாங்கட்டுமா?

நீங்களாக வாங்காதீர்கள். அளவு தப்பினால் பால் சரியாக வராது, குழந்தையும் அந்த சிலிக்கானுக்கே பழகிவிடும். யாராவது அருகில் இருந்து சொல்லிக்கொடுத்துப் பயன்படுத்த வேண்டிய பொருள் அது.

அதற்கு முன் முயன்று பார்க்க, சில ரூபாயில் ஒரு வழி இருக்கிறது. பல மருத்துவமனைகளில் செவிலியர்களே செய்து தருவார்கள். 10 அல்லது 20 மில்லி ஊசிக்குழாய் ஒன்றை எடுத்து, ஊசி மாட்டும் முனையை பிளேடால் வெட்டிவிட வேண்டும். உள்ளிருக்கும் தண்டை உருவி, வெட்டிய பக்கம் வழியாக மாற்றிச் செருக வேண்டும். வெட்டாத வழவழப்பான விளிம்பு உங்கள் பக்கம் இருக்கும். அதைக் காம்பின் மேல் வைத்துத் தண்டை மெதுவாக இழுத்தால் காம்பு வெளியே வரும். அரை நிமிடம், ஒரு நிமிடம் பிடித்துவிட்டு, உடனே குழந்தையை வையுங்கள். வலித்தால் இழுப்பைக் குறையுங்கள். இதைப் பிரசவத்துக்குப் பிறகு, பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு மட்டும் செய்தால் போதும். என் தங்கைக்கு ஒன்பது நாளில் இது தேவைப்படாமலே போய்விட்டது. குழந்தையே இழுத்துச் சரி செய்துவிட்டது.

பிரெஸ்ட் பம்ப் எது வாங்கலாம்?

அதிகப் பணம் போகும் இடம் இதுதான். எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

எப்போதும் குழந்தையோடுதான் இருக்கப் போகிறீர்கள், குழந்தையும் நன்றாகக் குடிக்கிறது என்றால் பம்ப் வேண்டாம். எப்போதாவது பால் கட்டிக்கொண்டால் கையால் பீய்ச்சினால் போதும். கட்டைவிரலைக் கருவட்டத்துக்கு மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்கி விட வேண்டும். தோலில் விரலை வழுக்க விடக் கூடாது. முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் வராது, பயந்துவிடாதீர்கள். முதல் மூன்று நாள் சீம்பாலுக்கு எந்த பம்பைவிடவும் கைதான் நல்லது. சொட்டுச் சொட்டாக வரும் அந்தக் கெட்டியான மஞ்சள் பால், பம்பின் குழாயிலேயே ஒட்டி வீணாகிவிடும்.

வேலைக்குத் திரும்புகிறீர்கள், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறைதான் எடுக்க வேண்டும் என்றால் கைப்பிடியை அமுக்கும் சாதாரண பம்ப் போதும். எட்டு மணி நேரம் வெளியே இருப்பவர்களுக்கும், குழந்தை இன்குபேட்டரில் இருப்பதால் ஒரு நாளில் எட்டு முறையாவது எடுத்துக் கொடுக்க வேண்டியவர்களுக்கும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்கும் மின் பம்ப் பெரிய உதவி. குழந்தை உள்ளே இருக்கிறது என்றால் பம்ப் வரும்வரை காத்திருக்காதீர்கள். பிரசவம் ஆன சில மணி நேரத்துக்குள் கையால் பீய்ச்சத் தொடங்குங்கள். மருத்துவமனையிலேயே பம்ப் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எந்த பம்பாக இருந்தாலும் மார்பில் வைக்கும் புனல் உங்கள் அளவுக்கு இருக்க வேண்டும். பெட்டியில் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் அளவுதான் வரும், நிறையப் பேருக்கு அது பெரிது. காம்பின் அடிப்பகுதியை, கருவட்டத்தைச் சேர்க்காமல் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். புனலின் துளை அதைவிடச் சில மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்கட்டும். இழுக்கும்போது காம்பு சுவரில் உரசாமல் போய்வர வேண்டும், கருவட்டம் முழுவதும் உள்ளே போகக் கூடாது. "எனக்குப் பம்பில் பாலே வரலை" என்று அழுத ஒரு பெண்ணுக்குச் சின்னப் புனலை மாற்றியதும் பால் வந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஆட்டோ ஹாரன் மாதிரி ரப்பர் உருண்டை வைத்த பம்பைத் தயவுசெய்து வாங்காதீர்கள். பால் அந்த உருண்டைக்குள் போய்த் தங்கும், அதைக் கழுவ வழியே இல்லை. இழுப்பும் நம் கட்டுப்பாட்டில் இருக்காது. மின் பம்பைப் பிறரிடம் இரவல் வாங்குவதும் வேண்டாம். ஒருவர் மட்டுமே பயன்படுத்தும்படி செய்யப்பட்ட மாடல்களில் பால் மோட்டார் வரை போக வாய்ப்பு உண்டு.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னொன்று. பேறுகாலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் பேறுகால விடுப்பு உண்டு. திரும்பிய பின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளையும் சட்டத்திலேயே இருக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள். பம்ப் இருந்தும், எடுக்க நேரமும் கதவு தாழிட்ட ஓர் அறையும் இல்லாமல் பாலை வற்ற விட்டவர்கள் எத்தனையோ பேர்.

எடுத்த பாலை எதில், எவ்வளவு நேரம் வைக்கலாம்?

மூடியுள்ள சின்ன எவர்சில்வர் டப்பா, கண்ணாடிப் புட்டி இரண்டும் நன்று. தனிப் பைகள் ஃப்ரீசரில் நிறையச் சேமிப்பவர்களுக்கு மட்டும்.

25 டிகிரி வரை உள்ள அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் என்பது பொதுவான கணக்கு. நம் ஊர்ச் சித்திரை வைகாசியில் வீட்டுக்குள் 25 டிகிரி எங்கே இருக்கிறது? அந்த மாதங்களில் எடுத்த உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். கதவில் வேண்டாம், உள்ளே பின்பக்கமாக வையுங்கள். தனிக் கதவுள்ள ஃப்ரீசரில் 6 மாதம்வரை தாங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் அறையை நம்பி 2 வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், அடிக்கடி மின்சாரம் போகும் ஊரானால் அதுவும் வேண்டாம். டப்பாவின் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள்.

சூடாக்க, வெந்நீர் ஊற்றிய கிண்ணத்தில் டப்பாவை நிறுத்தி வைத்தால் போதும். அடுப்பில் நேரடியாகவும் மைக்ரோவேவிலும் வேண்டாம். மேலே ஆடை மாதிரி கொழுப்பு ஒதுங்கியிருக்கும், அது கெட்ட பால் இல்லை. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பால் பாட்டில் வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். வீட்டில் பாட்டில் இருந்தால், மூன்றாம் நாள் ராத்திரி குழந்தை விடாமல் அழும்போது எல்லார் கையும் அதை நோக்கித்தான் போகும். அந்த ராத்திரி கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் வரும். பால் இறங்குவதற்காகக் குழந்தை திரும்பத் திரும்பக் குடிக்கும் நேரம் அது. பாட்டிலில் பால் தானாக ஒழுகும், மார்பில் குழந்தை உழைக்க வேண்டும். முதல் வாரங்களிலேயே இரண்டும் கலந்தால் சில குழந்தைகள் மார்பை மறுத்துவிடும்.

என் முதல் பிரசவத்தில் மருத்துவமனையில் கொடுத்த சாமான் பட்டியலிலேயே பாட்டிலும் பால் பவுடரும் இருந்தன. 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் பால் பவுடரையும் பாட்டிலையும் விளம்பரம் செய்யவோ தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கவோ கூடாது என்கின்றன. அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பட்டியலை ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

எடுத்த பாலைக் கொடுக்கப் பாலாடை போதும். சில ஊர்களில் சங்கு என்றும் சங்கடை என்றும் சொல்வார்கள். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியர்கள் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். குழந்தையைப் படுக்க வைத்து ஊற்றக் கூடாது. தலையைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை வாயின் ஓரத்தில் வைத்து, சில சொட்டுகள் விட்டு, விழுங்கியதும் அடுத்தது. அவசரப்பட்டால் புரை ஏறும். பாட்டி கொடுத்த வெள்ளிச் சங்கு இருந்தால் சித்திர வேலைப்பாட்டு இடுக்குகளைத் தேய்த்துக் கழுவ முடிகிறதா என்று பாருங்கள். பித்தளையும் செம்பும் கூடாது. இந்தியக் குழந்தைகளிடம் ஒரு காலத்தில் காணப்பட்ட கடுமையான கல்லீரல் நோய்க்கும் அந்தப் பாத்திரங்களில் வைத்த பாலுக்கும் தொடர்பு இருப்பதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

மருத்துவர் எடை பார்த்து, பவுடர் பால் தேவை என்று எழுதிக் கொடுத்தால் தயங்காமல் கொடுங்கள். அது உங்கள் தோல்வி இல்லை. அதையும் பாலாடையில் கொடுக்கலாம்.

ஸ்டெரிலைசர்?

இட்லிப் பானை இருக்கிறதே. சோப்புப் போட்டுக் கழுவிய பாலாடை, டப்பா, பம்பின் பால் படும் பாகங்கள் எல்லாவற்றையும் தட்டில் கவிழ்த்து வைத்து 10 நிமிடம் ஆவி காட்டுங்கள். பம்பின் எந்தப் பாகம் சூடு தாங்கும் என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். துணியால் துடைக்காமல் தானாக உலர விடுங்கள்.

பால் பத்தவில்லை போலிருக்கிறது. பால் சுரக்கும் பவுடர் வாங்கலாமா?

முதலில் உண்மையாகவே பத்தவில்லையா என்று பாருங்கள். மார்பு தளர்ந்திருப்பது, பம்பில் குறைவாக வருவது, குழந்தை அழுவது எதுவும் அடையாளம் இல்லை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது மூத்திரம் போகிறதா? பிறந்தபின் கொஞ்சம் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டதா? இவை இரண்டும் சரியாக இருந்தால் பால் பத்துகிறது. மூத்திரம் குறைந்தாலோ, குழந்தை குடிக்காமல் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பிரசவ லேகியம் எல்லாம் நம் வீட்டுச் சாப்பாடு. பிடித்திருந்தால் நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் பாலைச் சுரக்க வைப்பது பால் வெளியேறுவதுதான். குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். டப்பாவில் வரும் விலை உயர்ந்த பவுடருக்குப் போகும் காசில் ஒரு நல்ல தாய்ப்பால் ஆலோசகரை ஒருமுறை பார்த்துவிடலாம். "பிள்ளை பெற்றவள் தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போடும்" என்று டம்ளரைப் பிடுங்கும் வீடுகள் இன்னும் உண்டு. தாகம் எடுத்தால் குடியுங்கள். பால் கொடுக்க உட்கார்ந்த உடனே தொண்டை வறளும், அதற்குத்தான் அந்த ஒரு லிட்டர் பாட்டில்.

குழந்தைக்கோ ஆறு மாதம்வரை தண்ணீர்கூட வேண்டாம். சேனை என்று நாக்கில் தொட்டு வைக்கும் சர்க்கரைத் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தானது. வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் மருத்துவர் எழுதித் தருவார், அதை விடாமல் கொடுங்கள்.

பிரெஸ்ட் பேட் வாங்க வேண்டுமா?

கசியும் பாலை உறிஞ்ச உள்ளே வைப்பதுதான் அது. வீட்டில் இருக்கும்போது பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து, உள்ளங்கை அளவு வட்டமாக வெட்டி ஓரம் தைத்தால் போதும். ஒரு டஜன் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஈரமானதும் மாற்றுங்கள். வெளியே போகும்போது மட்டும் கடையில் வாங்கிய பேட்.

பால் கட்டிக்கொண்டு கல்லு மாதிரி இருக்கிறது. அதற்கு ஏதாவது வாங்கணுமா?

ஒன்றும் வேண்டாம். கொடுப்பதற்கு முன் சில நிமிடம் வெதுவெதுப்பான ஈரத்துணி, கொடுத்தபின் குளிர்ந்த துணி. கருவட்டமே இறுகிக் குழந்தையால் பிடிக்க முடியாவிட்டால், கையால் கொஞ்சம் பீய்ச்சி இளக்கிவிட்டு வையுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். ஓரிடம் சிவந்து காய்ச்சலும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள், அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

வெளியே போகும்போது?

பெரிய பருத்தித் துப்பட்டா ஒன்று போதும், சேலை என்றால் முந்தானையே போதும். கழுத்தில் மாட்டும் கவர்களில் பல நைலான் கலந்தவை, உள்ளே குழந்தைக்கு வியர்த்துக் கொட்டும். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. பூட்டியிருந்தால் நேரக் காப்பாளரிடம் சாவி கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

என் தங்கைக்குப் பிரசவம். பரிசாக என்ன வாங்கிப் போகலாம்?

பணமாகக் கொடுப்பதானால், தாய்ப்பால் ஆலோசகர் ஒருவரை வீட்டுக்கு வரவழைக்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். பொருளாகக் கொடுப்பதானால் இரண்டு நல்ல நைட்டி. நேரில் போக முடிந்தால், போனதும் குழந்தையைத் தூக்காமல் நேராகக் கொல்லைப்பக்கம் போய் ஊறிக்கிடக்கும் துணிகளை அலசிக் காயப் போடுங்கள். எனக்கு இரண்டாவது பிரசவமானபோது எதிர்வீட்டு அக்கா ஒருவர் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஃப்ளாஸ்க்கை வாசலில் வைத்துவிட்டுப் போவார். உள்ளே சூடாகக் கேழ்வரகுக் கஞ்சி இருக்கும். இரண்டு மணிக்குக் குழந்தை எழும்போது ஒரு கையால் அதைத் திறந்து குடித்துவிட்டுத்தான் பால் கொடுப்பேன்.